சில்லுப் பெயராத இரண்டு ஓட்டைகள்

மச்சான்,

என் மருமகன் மீன் பிடிக்க ஒரு படகு வாங்கியிருக்கிறான். பைபர் படகு. நம் காலத்தில் அப்படி ஒன்று கிடையாது. மரமும் இல்லை, இரும்பும் இல்லை, மங்குத் தட்டு மாதிரி வெள்ளையாக மின்னுகிறது. இன்று காலை கோலா கெத்தில் வீட்டு வாசலில் அதைக் கட்டைமேல் ஏற்றி, தூண்டில் தாங்கி மாட்டுவதற்காக டிரில்லை வைத்து அழுத்தினான். கிர்ரென்று ஒரு சத்தம். ஓட்டையைச் சுற்றி மேல்பூச்சு முட்டை ஓடு போலச் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து விழுந்தது.

"என்ன மருமகனே, படகுக்கு அம்மை போட்டிருக்கா?" என்றேன்.

"சும்மா இருங்க மாமா. இந்தப் பூச்சு இப்படித்தான்லா, தொட்டா ஒடையுது."

அடுத்த ஓட்டைக்கு நான் எழுந்து போனேன். டேப் ஒட்டச் சொன்னேன். டிரில்லை முதலில் எதிர்ப்பக்கமாகச் சுற்றவிட்டு மேல்தோலை மட்டும் அறுக்கச் சொன்னேன். பிறகு நேராகச் சுற்று, அழுத்தாதே, பின்னால் நான் கட்டையை முட்டுக் கொடுக்கிறேன், முனை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட்டு அந்தப் பக்கமிருந்து துளைத்து வா என்றேன். ஓட்டை வளையல் போல விழுந்தது.

"எங்க மாமா இதெல்லாம் படிச்சீங்க?"

"மூணாங் கிளாஸ்ல. அதுக்கு மேல நான் போகலையே."

சிரித்தான். உன் பெயரை நான் சொல்லவில்லை. உள்ளே வந்து இதை எழுத உட்கார்ந்த நான், மத்தியானச் சோற்றுக்கும் எழுந்திருக்கவில்லை.

வெள்ளைக்காரன் போட்ட அவசர காலத்தில் நம் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள். அக்கரைக் காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று வேலைக்குப் போகிறவர்களின் சோற்று மங்குகளை எல்லாம் கேட்டில் திறந்து பார்த்தார்கள். பிறகு ஆற்றங்கரைப் படகுகளுக்கும் உத்தரவு வந்தது. எல்லாவற்றையும் ஓட்டை போட்டுக் கரையில் ஏற்ற வேண்டும். மற்றவர்கள் கோடாரியால் ஆளுக்கு இரண்டு வெட்டு வெட்டிவிட்டு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவப் போய்விட்டார்கள். நீ மட்டும் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியாரிடம் போய் நின்றாய்.

"ஓட்டதானே ஐயா கேட்டாங்க? நானே போடுறேன். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க."

"போடு. ஆனா தண்ணி உள்ள வரணும்லா," என்றார் அவர்.

இரண்டு வருஷம் நீயே அறுத்து, இழைத்து, பச்சைப் பெயிண்ட்டை நாலு தடவை பூசிச் செய்த படகு அது. கைத்துரப்பணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாய். நான் அடியில் படுத்துக் கட்டையை முட்டுக் கொடுத்தேன். நீ எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் பெயிண்ட்டை மட்டும் வட்டமாக அறுத்தாய். "மொதல்ல தோலு, அப்புறந்தான் சதை. தோலு பிஞ்சா ஒட்டாதுடா," என்றாய்.

"வெட்டப்போற ஆட்டுக்கு என்னாத்துக்குடா சிங்காரம்?" என்று கேட்டேன்.

"ஆடு இல்ல மச்சான். இது தூங்கப் போவுது. அப்புறம் எழுப்பணும்லா."

இரண்டு ஓட்டை. ஒரு துளி பெயிண்ட் உதிரவில்லை. பிறகு செங்கால் மரத்தில் இரண்டு மூடி செதுக்கினாய். சொருகிப் பார்த்தாய், பிடுங்கினாய், வீட்டில் சாமி மாடத்தில் வைத்தாய். அவசர காலம் முடிகிற அன்று அடைத்துப் பெயிண்ட் அடித்தால் ஓட்டை இருந்த இடமே தெரியாது என்றாய். ஊரே பயந்துகிடந்த நாளில், இதெல்லாம் ஒருநாள் முடியும் என்று நம்பிய ஆள் நீ ஒருத்தன்தான்.

அடுத்த வாரம் கேட்டுக்கு வெளியே காக்காவின் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். நாகூரிலிருந்து வந்த முஸ்லிம் பெரியவர், எல்லாருக்கும் அவர் காக்காதான். நீ அன்று வரவில்லை. யாரோ ஒருவன் கேட்டான்: "உன் மச்சான் படகுக்குக் காது குத்துற மாதிரி ஓட்ட போட்டானாமே?"

"பின்ன? மூடியும் செஞ்சு வெச்சிருக்கான்லா," என்றேன். "லயம் தூங்குனதும் மூடியச் சொருகிக்கிட்டு அக்கரைக்குப் போயிடுவான். அங்க ஒருத்தி சோறாக்கி வெச்சிக்கிட்டுக் காத்திருக்கா."

கடையே சிரித்தது. காக்கா மட்டும் டீயை ஆற்றிக்கொண்டே, "தம்பி, இந்தக் காலத்துல அக்கரைப் பேச்சு வேணாம்பா," என்றார்.

"ஏன் காக்கா, உங்களுக்கும் ஒரு எடம் பாக்கவா?"

அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. எனக்கு அதுதான் வேண்டும். ஒரு சிரிப்புக்காக நான் எதையும் சொல்வேன் என்று உனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் போலீஸ் லாரி வந்தது. சார்ஜன் உன் படகின் ஓட்டையில் விரலை விட்டு ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போய் மாடத்திலிருந்த மூடிகளை எடுத்து வந்தார். அவர் மலாயில் சொன்னதைக் கிராணியார் தமிழில் சொன்னார்.

"கோடாரியில வெட்டுனவன் படகை விட்டுட்டான், நீ விடலன்னு சொல்றாருப்பா."

"மனசு வரல ஐயா. அவ்வளவுதான்."

"ராத்திரியில அக்கரைக்குப் போறியாமே?"

நீ சிரித்தாய். அது கேள்வி இல்லை, வேடிக்கை என்றே நினைத்தாய். "யாரு ஐயா சொன்னது?" என்று கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாய். நான் கடைசியில் நின்று கையில் ஒட்டிய ரப்பர் பாலை உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு அடி முன்னால் வைத்து, அது நான் விட்ட கதை ஐயா என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்னையும் ஏற்றுவார்கள் என்று கால் நகரவில்லை.

லாரியில் ஏறும்போது என்னைப் பார்த்துச் சொன்னாய்: "மழ பேஞ்சா படகுல தண்ணி நிக்குமேன்னு கவலப்படாத மச்சான். ரெண்டு ஓட்ட இருக்குலா." கேலி செய்வது என் வேலை. அன்றைக்கு நீ அதைச் செய்தாய்.

ஒரு வருஷத்துக்கும் மேல் அடைத்து வைத்துவிட்டு, பினாங்கில் கப்பல் ஏற்றி நாகப்பட்டினத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். நீ பிறந்தது இந்தத் தோட்டத்தில். பார்த்தே இராத நாட்டுக்கு எப்படித் திருப்பி அனுப்புவது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

உன் கடிதம் வந்தது. நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவிக்குப் படிக்கத் தெரியாது. அவள் வேறு யாரிடம் போவாள்? என்னிடம்தான் கொண்டுவந்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். நான் ஒருநாளும் இரவில் ஆற்றைக் கடந்ததில்லை, நம்பினால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா என்று எழுதியிருந்தாய்.

அவள் பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "அக்கரையில ஒருத்தி இருக்கான்னு லயமே பேசுச்சேண்ணே. நீங்கதான் எப்பவும் அவரு கூடவே இருந்தீங்க. நெசம் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, அடுத்த கப்பலுக்கே போயிடுறேன்."

நிஜம் இல்லை என்றால், பிறகு யார் கட்டிவிட்டது என்று கேட்பாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எனக்குத் தெரியாது தங்கச்சி," என்றேன்.

கடிதத்தை வாங்கி மடித்தாள். அந்த மாதமே பிள்ளையோடு செர்டாங்கில் தன் சொந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். நீ அங்கே தனியாகவே இருந்து தனியாகவே செத்துப்போனாய் என்று, ஊருக்குப் போய் வந்த ஒருவர் பல வருஷம் கழித்துச் சொன்னார். அப்போதும் நான் செர்டாங் பக்கம் போகவில்லை.

அவள் செத்த பிறகுதான் போனேன். உன் மகனுக்கும் தலை நரைத்துவிட்டது. அசப்பில் நீதான். எடுத்தாகிவிட்டது, ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். அவன் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போய்ச் சொன்னேன்.

"உங்க அப்பா ஒரு நாளும் ராத்திரியில ஆத்தக் கடக்கலடா. அக்கரையில யாரும் இல்ல. அது நான் காக்கா கடையில சிரிக்கச் சொன்ன கத."

என்னைப் பார்த்தான். அழுத கண்ணோடு லேசாகச் சிரித்தான்.

"மாமா, எங்கம்மா செத்த வீட்லயும் ஒங்க வெளயாட்டு போகலலா," என்று தோளைத் தட்டிவிட்டு, நாற்காலிகளை அடுக்கப் போய்விட்டான்.

அதற்குமேல் அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, மச்சான். என்னிடம் உண்மை ஒன்றுதான் இருந்தது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் அது இன்னும் என்னிடமே கிடக்கிறது.