நீல ஃபைட்டரும் மஞ்சள் நைட்டியும்

நவம்பர் 19

இன்று நாற்பத்தாறு படம் எடுத்தேன். நாற்பத்தைந்தில் மீன் இல்லை. மீதி ஒன்றில் வால் இருக்கிறது. யாருடைய வால் என்று மீனுக்கே தெரியாது.

நான் வீட்டில் வளர்க்கும் ஃபைட்டர் மீன்களை மைசூரு தேவராஜ மொஹல்லாவில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் நஞ்சுண்டசாமி அண்ணன்தான் வாங்கிக்கொள்வார். போன வாரம் சொன்னார்: "இப்பெல்லாம் வாட்ஸாப்புல பாத்துத்தான் மீனு வாங்கறாங்க அம்மணி. உன்ற மீனை நல்லா போட்டோ புடிச்சு அனுப்பு. புடிச்சிருந்தா கடை மீனுக்கெல்லாம் நீயே எடு, வேலைன்னே வெச்சுக்க."

நான் தலையாட்டினேன். இன்டர்வியூ முடிந்தது.

நவம்பர் 21

ஃபிளாஷ் போட்டு எடுத்தேன். கண்ணாடியில் பெரிய வெள்ளை உருண்டை. நிலாவுக்குப் பின்னால் மீன் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நவம்பர் 22

அம்மா ஒரு பெரிய ஆபீசில் ஹவுஸ்கீப்பிங். ஜனவரியில் அங்கே ஒரு இடம் காலியாகிறதாம். நானூறு பேர் வரும் ஆபீஸ். எதிரில் வரும் ஒவ்வொருவருக்கும் சிரித்து "குட்மார்னிங் சார்" சொல்ல வேண்டும், அது ரூலாம். நானூறு முறை.

பத்தாவதில் பாதியில் நின்றவள் நான். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதே என் குரல் கேட்காது. நின்ற பிறகு வகுப்பில் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

"மீனைப் போட்டோ புடிக்கறதெல்லாம் ஒரு வேலையா புள்ள?" என்றாள் அம்மா. "டிசம்பர் பதினஞ்சு வரைக்கும் பாரு. அதுக்கப்புறம் மேனேஜர்கிட்ட உன்ற பேரைக் குடுத்துருவேன்."

இருபத்து மூன்று நாள்.

நவம்பர் 26

தெரிந்துகொண்டவை. முந்தின நாள் தீனி போடக்கூடாது, தண்ணீர் கலங்கும். போனைச் சாய்க்காமல் கண்ணாடியோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். தொட்டிக்குள் இன்னொரு கண்ணாடித் துண்டை நிறுத்தினால் மீன் பின்னால் ஓட முடியாது. இவ்வளவும் செய்தேன். மீன் திரும்பி நின்று முதுகைக் காட்டியது. எனக்கு அதன் மேல் மரியாதை வந்தது. நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

நவம்பர் 28

நேற்று ஒரு படம் நன்றாக வந்தது. நீல ஃபைட்டர், பக்கவாட்டில், செதில் வரை தெளிவு. சந்தோஷத்தில் சரியாகப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். அண்ணனும் பார்க்காமல் கடை குரூப்பில் போட்டுவிட்டார். ரஞ்ஜிதா என்று ஒரு கஸ்டமர் பார்த்திருக்கிறார்.

"அண்ணா, மீன் சூப்பர். பின்னாடி இருக்கற மஞ்சள் நைட்டியும் சேல்ஸுக்கா?"

கண்ணாடியில் நான். முழுசாக. மஞ்சள் நைட்டி, கலைந்த தலை, பாதி திறந்த வாய். இருநூறு பேர் இருக்கும் குரூப். அறுபது பேர் சிரித்திருக்கிறார்கள். கல்யாண வீட்டில்கூட கேமராவைக் கண்டால் தூணுக்குப் பின்னால் போகிறவள் நான் — எதுக்குடி உனக்கு இந்த வேலை?

நவம்பர் 29

வெளியே போகவில்லை. என்னவோ தினமும் போகிறவள் மாதிரி எழுதுகிறேன்.

டிசம்பர் 2

நம் பக்கம் வெளிச்சமாக இருந்தால் தொட்டி முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிடுகிறது. அறை இருட்டாக இருக்க வேண்டும், விளக்கு தொட்டிக்கு மேலே மட்டும் எரிய வேண்டும். எனக்கும் தொட்டிக்கும் நடுவில் கறுப்புத் துணி, அதில் லென்ஸ் அளவுக்கு ஓர் ஓட்டை.

வயசுப் பெண்ணுக்குக் கறுப்பு ஆகாது என்று அம்மா எனக்குக் கைக்குட்டைகூடக் கறுப்பில் வாங்கியதில்லை. ஆனால் கொடியில் ஒரு கறுப்பு வேட்டி தொங்கியது. அப்பா சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார். போன வருஷத்துப் பழசு என்று நினைத்தேன். நடுவில் வட்டமாக வெட்டினேன்.

டிசம்பர் 3

பழசு இல்லை. இருமுடி கட்டும் நாளுக்காக வாங்கித் துவைத்துக் காயவைத்த புதுசு.

மாலை போட்டவர் கோபப்படக்கூடாது. நாங்கள் அவரைச் சாமி என்று கூப்பிடுகிறோம், அவர் என்னை மாளிகப்புரம் என்கிறார். நாற்பத்தெட்டு நாள் இந்த மரியாதை. பெயின்ட் வேலை முடிந்து வந்தவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்தார். ஓட்டை வழியாக அவருடைய ஒரு கண் தெரிந்தது.

"இது என்னங்க, மாளிகப்புரம்?"

"மீனுக்கு... சாமி."

கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. சரணம்தான் சொல்லியிருப்பார் என்று நம்புகிறேன்.

ஆனால் அம்மா மாலை போடவில்லை. அவளுக்கு எந்தத் தடையும் இல்லை. பக்கத்து வீட்டு நஞ்சம்மா அக்கா வந்து என்ன ஏது என்று கேட்கும்வரை திட்டினாள்.

டிசம்பர் 4

"ஓட்டை போட்டது போட்டாச்சு," என்றார் அப்பா. "தெச்சாலும் இனி மலைக்கு ஆவாது. படத்தையாவது ஒழுங்கா எடு." அவரே ஆணி அடித்து வேட்டியைக் கட்டினார். ஸ்டூல் மேல் வெறுங்காலோடு ஏறி, தொட்டிக்கு மேலே விளக்கைப் பிடித்தார். வீட்டில் மீன் குழம்பு வைக்கக்கூடாத மாசத்தில் மீனுக்கு இவ்வளவு பூஜை.

தொட்டிக்குப் பக்கத்தில் சின்னக் கண்ணாடி ஒன்றைக் காட்டினேன். எதிரி வந்துவிட்டதாக நினைத்து நீலன் செவுளையும் வாலையும் முழுசாக விரித்தான். முப்பது படம். ஒன்றில் எல்லாமே இருந்தது. நான் மட்டும் இல்லை.

அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். "கண்ணு முழிச்சுப் பாக்குது, இல்ல?" என்றார். மாளிகப்புரம் சொல்ல மறந்துவிட்டார்.

டிசம்பர் 6

நான் அனுப்பிய புதுப் படத்தைப் பார்த்து ரஞ்ஜிதா அந்த மீனையே கேட்டு வாங்கிவிட்டார். நஞ்சுண்டசாமி அண்ணன் போன் செய்தார். "நாளையிலிருந்து வந்துரு அம்மணி."

"எங்கே?"

"கடைக்குத்தான். கடை மீனு உங்க வீட்டுக்கு நடந்தா வரும்?"

இதை நான் யோசிக்கவே இல்லை. கடை மீன் கடையில்தான் இருக்கும். மார்க்கெட்டுக்கு நடுவில். மைசூரு முழுக்க நடந்து போகும் இடத்தில்.

உடம்பு சரியில்லை என்றேன்.

டிசம்பர் 11

இன்னும் உடம்பு சரியில்லை. அண்ணன் பாவம், கஷாயம் சொல்கிறார்.

டிசம்பர் 13

"ரெண்டு நாள்தான் இருக்கு," என்றாள் அம்மா. திட்டவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

நானூறு குட்மார்னிங். அல்லது மார்க்கெட். இருட்டில் படுத்து யோசித்தால் இரண்டுமே ஒன்றுதான். ஒன்றில் மீன் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

டிசம்பர் 14

போனேன்.

டிசம்பர் 15

மத்தியானம் அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார். ஒரு பெரிய ஆஸ்கர் மீன் முகத்தைத் திருப்பட்டும் என்று இருபது நிமிஷமாகக் காத்திருந்தேன். மெல்லத் திரும்பியது. அப்போது ஒருவர் வந்து பைக் சாவியால் தொட்டியை டொக் டொக்கென்று தட்டினார். மீன் ஓடிவிட்டது.

"தட்டபேடி சார்."

தட்டாதீங்க என்று கன்னடத்தில் சொன்ன அந்தக் குரல் யாருடையது என்று நானே திரும்பிப் பார்க்க இருந்தேன். அவர் சாவியைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு ஸாரி சொன்னார். பதிலுக்கு என்ன சொல்வது என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. அதனால் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரும் சத்தமில்லாமல் கூடவே நின்று பார்த்தார்.

சாயங்காலம் அம்மா கேட்டாள். "யார்கிட்டயாவது பேசுனியா?"

"ஒருத்தர்கிட்ட."

"என்ன சொன்ன?"

"சும்மா இருக்கச் சொன்னேன்."

அம்மா வாசலுக்குப் போய் மேனேஜருக்குப் போன் போட்டாள். "என்ற புள்ள வரலைங்க சார். அவளுக்கு வேலை இருக்குதுங்க."