ஏரி மனிதனின் பூட்ஸ்

என் பிரியத்துக்குரிய மாதேஷ்,

இன்று விடியலில் உன் ஏரி மனிதன் பாரூர் ஏரிக்கரையில் நடந்தான். மார்கழிப் பனி தண்ணீரை விட்டுப் பிரியாத நேரம். கரை எங்கே முடிகிறது, ஏரி எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் அதற்கு முன் நடந்ததை நீ என்னிடமிருந்தே கேட்க வேண்டும்.

ஆடி மாதத்தில் உன் நெஞ்சு உன்னைக் கைவிட்ட பிறகு, போச்சம்பள்ளியில் நம் கம்பெனியிலிருந்த உன் லாக்கரைத் திறந்தவன் நான். பாதுகாப்பு அலுவலர் என்ற முறையில் அது என் கடமை. ஒருவர் விட்டுச்சென்ற பாதுகாப்பு பூட்ஸை இன்னொருவர் அணியக்கூடாது என்பதால், கணுக்காலிலிருந்து அடிவரை இருபுறமும் கத்தியால் கிழித்த பிறகே அதைக் கழிவுக்கு அனுப்புவோம். அந்த விதியை எழுதியவனும் நான்தான்.

உன் பூட்ஸின் அடியில் அடுக்கடுக்காக ரப்பர் ஒட்டியிருந்தது. அளவுகோல் வைத்து அளந்தேன். ‘அனுமதியற்ற மாற்றம், குதிகாலில் இருபத்தெட்டு மில்லிமீட்டர், முன்பாதத்தில் பதினாறு’ என்று பதிவேட்டில் எழுதினேன். பிறகு கிழித்தேன். ஏன் ஒட்டினாய் என்று ஒரு நொடியாவது யோசித்தேனா?

கார்த்திகையில் உன் மஞ்சுளா வீட்டுக்கு வரச் சொன்னாள். நடு அறையில் ஒரு மரத் தாங்கியில் உன் ஏரி மனிதன் நின்றுகொண்டிருந்தான். பேக்கிங் நுரையில் வெட்டிய செதில்கள். பச்சை பாட்டிலைத் தட்டையாக்கிய கண்கள். பாசி நிறத்தில் நீண்ட விரல்கள். கணுக்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. பெங்களூரில் வேடமிட்டுக் கூடுகிறவர்களின் விழாவுக்காக இந்த உடுப்பை நீ இரண்டு வருடம் உழைத்துச் செய்தாய் என்று உன் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னிடம் ஏன் சொல்லவில்லை? ரப்பர் ஒட்ட அனுமதி கேட்டால் மறுத்திருப்பேன் என்பதாலா?

“காலு ரெண்டும் கம்பெனி லாக்கர்ல இருக்குதுன்னு சொல்லுவாருங்ணா. எடுத்துத் தர்றீங்களா?” என்றாள்.

கிழித்துவிட்டதைச் சொன்னேன். செதில்களின் மேலிருந்த தூசியை அவள் நெடுநேரம் துடைத்தாள். பிறகு, “ரூல்ஸ்னா ரூல்ஸ்தானுங்களே,” என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தக் கண்கள் வழியாக நீ மட்டுமே உலகத்தைப் பார்த்திருக்கிறாய். அவளும் ஒருமுறை உள்ளே நின்று, நடந்து, பார்க்க வேண்டும். விழாவுக்கு ஐந்து வாரம் இருந்தது. வேறு பூட்ஸ் செய்து நானே போட்டுக்கொள்கிறேன் என்று முந்திக்கொண்டேன். அவள் சிரித்தேவிட்டாள். “உங்களுக்கு எதுக்குங்ணா இந்தப் பாடு? நான்தான் போட்டுக்கப் போறேன்.” நீ போன பிறகு அந்தச் சிரிப்பை அன்றுதான் கேட்டேன்.

ஓசூரில் ஒரு பூட்ஸ் கடைக்குப் போனோம். தடுக்கி விழக்கூடாது என்று எடையில் குறைந்ததாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். அணிந்து நான்கு எட்டு நடந்தவள், சந்தைக்குப் போவது போல இருக்கிறது என்று கழற்றிவிட்டாள். இதைவிட அது, அதைவிட இது என்று ஒரு மணி நேரம் போயிற்று. மெஷின் ஷாப்புக்குப் போடும் பூட்ஸை மாப்பிள்ளை பார்ப்பது போலப் பார்க்கிறீர்களே என்று கடைக்காரர் தமிழும் கன்னடமுமாகக் கேலி செய்தார். அப்போதுதான் நீ சொல்லிவந்ததை அவள் சொன்னாள்: “ஏரிக்கு அடியில நடக்கறவன் மஞ்சு. காலு கனமா இல்லைன்னா மெதந்துருவான்.”

நான் முனையில் இரும்பு வைத்த, கணுக்காலை மூடுகிற கனமான ஜோடியை எடுத்து வைத்தேன்.

அவள் உன்னைவிட ஒரு சாண் குள்ளம். உடுப்பின் கால்களை அவளே மடித்துத் தைத்துக்கொண்டாள். அடிப்பாகம் என் பொறுப்பு. கழித்துப்போட்ட கன்வேயர் பெல்ட் துண்டுகளை முறைப்படி கேட் பாஸ் வாங்கி வெளியே கொண்டுவந்தேன். உப்புத்தாள் தேய்த்து, பசை தடவி, ஒரு நாள் முழுக்க செங்கல் ஏற்றி வைத்தேன். குதிகாலில் இருபத்தெட்டு, முன்பாதத்தில் பதினாறு. பதிவேடு கைகொடுத்தது என்று எனக்குள் ஒரு சிறு பெருமைகூட இருந்தது.

மூன்றாவது எட்டில் அவள் தடுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டாள். தடித்த அடிப்பாகம் வளையாது. முனை தரையில் இடிக்கும். நீ முனையைச் சாய்வாகச் சீவியிருந்திருப்பாய். அந்தச் சாய்வை என் கண் நிச்சயம் பார்த்திருக்கும், மாதேஷ். கைதான் எழுதவில்லை. உயரத்தை அளந்தவனுக்கு நடை எப்படித் தெரியும்?

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் உன் வாசலில் உட்கார்ந்து சீவினேன். கொஞ்சம் சீவுவேன், அவள் நடப்பாள், இன்னும் கொஞ்சம் சீவுவேன். நான்காம் ஞாயிறு மாலையில், ஒரு எட்டு தானாக உருண்டு அடுத்த எட்டானது. அளக்க மனம் வரவில்லை. மற்றக் கால் பூட்ஸையும் விரலால் தடவிப் பார்த்தே அதே போலச் சீவினேன்.

அப்படித்தான் இன்று அவன் நடந்தான். ஒவ்வொரு காலும் எதையோ விலக்கிக்கொண்டு எழுந்து, மெல்ல இறங்கியது. பரிசலில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர் வலையை அப்படியே விட்டுவிட்டுப் பார்த்தார். பனிக்குள் செதில்கள் ஒரு கணம் தெரிந்தன, மறைந்தன. நான் விழித்திருக்கிறேனா என்பதே சந்தேகமாகிவிட்டது.

“ஒரே பச்சையா இருக்குதுங்ணா,” என்றது உள்ளிருந்து குரல். “நீங்ககூட தண்ணிக்குள்ள நிக்கற மாதிரி இருக்கறீங்க.”

அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் உள்ளே பேச்சு நிற்கவில்லை. மெல்லிய குரலில், இடையிடையே பதிலுக்குக் காத்திருந்து, பேசிக்கொண்டே நடந்தாள். அது எனக்கானதல்ல என்று புரிய சற்று நேரமாயிற்று. புரிந்ததும் இருபது அடி பின்தங்கினேன். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பெங்களூர். கூட்டம் நெருக்கும், படம் எடுக்கச் சூழ்ந்துகொள்வார்கள். அவள் எவ்வளவு மெதுவாக நடந்தாலும் அவசரப்படுத்த மாட்டேன், ‘போதும் வா’ என்று சொல்ல மாட்டேன். விழுந்தால் பிடிக்கிற தூரத்தில், கேட்காத தூரத்தில் வருவேன். இரண்டும் ஒரே தூரமாக இருக்க வழியில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிறேன்.

உங்கள் இருவருக்கும் அண்ணன்,
வரதராசன்