பெஸ் சாமி உடைத்த சிவப்புப் பானைகள்

முளைப்புக் காலம், மூன்றாம் மாதம், நாள் 4

இன்று மறுபடியும் ஒரு பானை போயிற்று. நல்ல பானை. அதன் வயிற்றுப் பக்கத்து ஓட்டில்தான் இதை எழுதுகிறேன். நாணல் தாள் வாங்க வழியில்லையே என்று இனி நான் கவலைப்பட வேண்டாம். பெஸ் சாமி இந்த வீட்டில் இருக்கும் வரை எழுத ஓட்டுக்குப் பஞ்சமே இல்லை.

அவர் வந்து பன்னிரண்டு நாளாகிறது. பிள்ளைத்தாய்ச்சிக்கு ஏழாம் மாதம் பிறந்தால் இரண்டு சாமிகள் வந்து தங்குவது எங்கள் கருமண் கண்டத்து வழக்கம். ஒருத்தி நீர்யானை முகத்துத் தாவெரத் பெரியம்மா. அவள் உட்கார்ந்தால் முற்றம் அடைபட்டுவிடும், ஆனால் அதிகம் பேசமாட்டாள், தன் பாட்டுக்கு இருப்பாள். இன்னொருவர் பெஸ். என் இடுப்பு உயரம்தான். சிங்கத்துப் பிடரி, தொங்குகிற நாக்கு, கையில் எப்போதும் ஒரு தம்பட்டம்.

போன இரண்டு முறையும் நான் பெரியம்மாவை மட்டும்தான் கூப்பிட்டேன். பீர் காய்ச்சுகிறவள் வீட்டில், ஊறல் பானைகளுக்கு நடுவே குதித்து ஆடுகிறவரை எவள் கூப்பிடுவாள்? அந்த இரண்டு பிள்ளையும் தங்கவில்லை. அது வேறு விஷயம். இந்த முறை என் புருஷன் கென்னா என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போய் அழைத்துக்கொண்டு வந்துவிட்டான்.

நாள் 5

விடிந்ததும் தம்பட்டம். தலைவலி.

நாள் 9

இன்று கேட்டேவிட்டேன். "ஏன் சாமி, நடக்கும்போது கொஞ்சம் கீழ பாத்து நடக்கக் கூடாதா?"

"பாத்துத்தான் தாயி உடைச்சேன்" என்கிறார்! சிரிப்பு வேறு. அந்த நாக்கு இன்னும் ஒரு சாண் தொங்குகிறது.

அவர் தம்பட்டம் அடித்தால் வயிற்றுக்குள் இருப்பதும் பதிலுக்கு உதைக்கிறது. இப்போதே இவரோடு கூட்டு.

நாள் 15

ஓடும் கையுமாக வாசலில் உட்கார்ந்திருந்தேன். எழுத்துக்குச் சாமியான அரிவாள் மூக்கர் தோத் அந்தப் பக்கமாகப் போனவர், நின்று, கழுத்தை நீட்டி, நான் எழுதியதை முழுக்கப் படித்துவிட்டு, "வரி கோணலாப் போகுது" என்றார். பானையே கோணல், வரி எப்படி நேராகப் போகும்? படித்த சாமிக்கு இது கூடவா தெரியாது?

கடலுக்கு அப்பால் உள்ள நாடுகளில் சாமிகள் கல்லாகவே நிற்குமாம். ஒன்றும் கேட்காதாம், எங்கும் வராதாம், யார் வீட்டிலும் சாப்பிடாதாம். கொடுத்து வைத்தவர்கள்.

நாள் 20

செக்மெத் அம்மா கோயிலிலிருந்து ஆள் வந்தது. அடுத்த மாதம் முதல் தேதிக்கு நாற்பது பானை சிவப்பு பீர் வேண்டுமாம். போன வருஷம் வேறு யாரோ காய்ச்சி, ஒரு நாள் தாமதமானதற்கே அந்தச் சிங்க முகத்தாள் ஒரு உறுமு உறுமினாள். கரைத்தெரு முழுக்கக் காய்ச்சலில் படுத்தது. ஆகவே தாமதம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பெஸ் சாமியைக் கூப்பிட்டு, "ஊறல் அறைப் பக்கமே வரக் கூடாது, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றேன். "சரி தாயி, சரி தாயி" என்று தலையாட்டினார்.

நாள் 27

ஆறு பானை.

ஆறு! அதுவும் செக்மெத் அம்மாவுக்கு ஊற வைத்தது. நான் கால்வாயில் குளித்துவிட்டு வருவதற்குள். தரையெல்லாம் பீர், நடுவில் இவர் ஆடிக்கொண்டிருக்கிறார். என்னதான் நினச்சுக்கிட்டிருக்காரு இந்த மனுஷன்? மனுஷன் இல்ல சரி, சாமி, சாமின்னா என்ன வேணா செய்யலாமா? வயித்தத் தள்ளிக்கிட்டு மாவரைச்சு, ரொட்டி சுட்டு, ஊற வச்சு, வடிகட்டி... யாருக்காக?

நான் கத்தவில்லை. அடுப்படியில் இருந்த அவருடைய முக்காலியை எடுத்து வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். அவ்வளவுதான். அதற்கு மேல் எந்த விருந்தாளிச் சாமிக்கும் சொல்லத் தேவையில்லை.

பெஸ் முக்காலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார். இத்தனை நாளில் அந்த வாய் மூடி நான் பார்த்தது அப்போதுதான். தம்பட்டத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

கென்னா வந்து, "சாமியவா வெளிய அனுப்புன? நீயா?" என்றான்.

"ஆமா, நாந்தான். இப்ப என்னங்கிற?"

அவன் சாப்பிடவில்லை. சாப்பிடாவிட்டால் போகட்டும்.

நாள் 28

அப்பாடா. என்ன ஒரு அமைதி! பகலில் படுத்துத் தூங்கினேன்.

நாள் 30

நாற்பது பானையும் கோயிலுக்குப் போய்விட்டது. குறைந்த ஆறையும் எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன். அம்மா உறுமவில்லை. எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருக்கிறது.

மூன்று நாளாக ஒரு பானையும் உடையவில்லை. எழுதத் தோதான புது ஓடு இல்லை, பழைய ஓட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

நான்காம் மாதம், நாள் 2

உதைக்கவில்லை.

நேற்றுக் காலையிலிருந்தே இல்லை. வேலை அலுப்பில் நான்தான் கவனிக்கவில்லையோ என்று இன்று படுத்துப் பார்த்தேன், இடது பக்கம், வலது பக்கம். தேன் குடித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. போன இரண்டு முறையும் இப்படித்தான் ஆரம்பித்தது. இப்படியேதான். இல்லை, எழுதமாட்டேன்.

நாள் 2, மறுபடியும்

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

மரக்கரண்டியால் பானையைத் தட்டிப் பார்த்தேன், அவர் அடிக்கிற மாதிரியே. வயிறு அசையவில்லை. முற்றத்தில் கிடந்த பெரியம்மா கண்ணைத் திறந்தாள்.

"நீ தட்டுனா எந்திரிக்காது. அது உள்ள வந்துருச்சு."

"எது பெரியம்மா?"

"ரெண்டு தடவ வந்து உன் புள்ளைய எடுத்துட்டுப் போச்சுல்ல, அது. அதுக்குப் பேரு கிடையாது. செவப்புப் பானைக்குள்ள பூந்து ஒளிஞ்சுக்கும். அவன் என்ன, பானையவா உடைச்சான்?"

நான் மூலையில் கிடந்த ஓட்டுக் குவியலைப் பார்த்தேன். எல்லாம் சிவப்பு. வாசலை ஒட்டி, போகிறவர் வருகிறவர் கால் இடறும் இடத்தில் என் வெண்மண் ஜாடிகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றில் ஒரு கீறல்கூட இல்லை. முப்பத்தைந்து நாளும் அந்த வழியாகத்தானே அவர் ஆடிக்கொண்டு போனார்! கண்ணிருந்தும் எனக்குத் தெரியவில்லை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே பெரியம்மா?"

"மொத தடவயே கேட்டேனே, பெஸ் எங்கடீன்னு. ஊறல் கலங்கும்னு சொன்ன."

சொன்னேன். நான்தான் சொன்னேன்.

முக்காலியைத் திருப்பியவளேதான் போய்க் கூப்பிட வேண்டும், அந்த முக்காலியைத் தலையில் சுமந்துகொண்டு. உச்சி வெயிலில் இந்த வயிற்றோடு கிளம்பினேன். எந்த ஊருக்குப் போனாரோ, யாரைக் கேட்பதோ என்று அழுதுகொண்டே நடந்தேன். தெருமுனை தாண்டவில்லை. கால்வாய்ப் படியில், முதலைமுகன் சோபெக்குக்குப் பக்கத்தில், தம்பட்டத்தைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஐந்து நாளாக அங்கேயேதான் இருந்திருக்கிறார். எங்கள் வாசலைப் பார்த்தபடி.

முக்காலியை இறக்கி வைத்தேன்.

"பீர் இருக்கா தாயி?"

"இருக்கு சாமி. வாங்க. வந்து எல்லாத்தையும் உடைங்க."

"எல்லாம் எதுக்கு? ஒண்ணுதான். எந்தப் பானைன்னு தெரியாமத்தான தேடிக்கிட்டு இருந்தேன். தெரிஞ்சா நான் ஏன் இத்தன உடைக்கப் போறேன்?"

பதினோரு பானை உடைத்தார். ஒவ்வொன்றையும் நானே எடுத்துக் கொடுத்தேன். பத்து வரைக்கும் ஒன்றுமில்லை. பதினொன்றாவது உடைந்தபோது அதிலிருந்து என்னவோ சீறிக்கொண்டு எழுந்தது. பெஸ் நாக்கை நீட்டி ஒரு ஆட்டம் ஆடினார், அது வாசல் வழியாகப் போயே போய்விட்டது. உடனே விலாவில் ஒரு உதை. நல்ல பலமான உதை.

ஓடுகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

"பாத்து தாயி, ஓடு குத்தும்" என்றார்.

நாள் 11

இரண்டு பானை. அது திரும்பி வந்து ஒளிந்திருக்குமோ என்று இன்னும் தேடுகிறார். வாங்கி வைத்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. குயவனிடம் இன்னும் இருபது சொல்லியிருக்கிறேன். "வீட்ல என்னம்மா, சண்டையா?" என்று கேட்கிறான். நல்ல கேள்வி.

நாள் 26

தம்பட்டம், தம்பட்டம், தம்பட்டம். காதே போய்விடும்.

அறுவடைக் காலம், முதல் மாதம், நாள் 17

பெண். பேறு செங்கல் மேல் குந்தியிருந்தேன், பெரியம்மா பின்னால் நின்று தாங்கிக்கொண்டாள். கத்துகிறாள், பெஸ் சாமியையே தோற்கடிக்கிறாள். கென்னா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து கால் ஓய்ந்து போனான்.

நாள் 24

பெஸ் கிளம்பிவிட்டார். முக்காலியை யாரும் திருப்பவில்லை, அவரே எழுந்தார். எதிர்வீட்டுத் தோல் பதனிடுகிறவன் மனைவிக்கு ஏழாம் மாதமாம். போகிற போக்கில் என் பெரிய அகப்பையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கேட்டால் தருவாரா என்ன!

மூன்றாம் மாதம், நாள் 6

எதிர்வீட்டு ஹெனுத் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கையில் ஒரு உடைந்த ஓடு.

"அக்கா, நீங்க எப்படிக்கா சகிச்சீங்க? காலையில இருந்து மூணு பான போச்சுக்கா. ஒரு நிமிஷம் கண்ண மூட முடியல. பேசாம முக்காலியத் திருப்பி வச்சிரலாம்னு பாக்கேன்."

அவளை உட்கார வைத்து, முகத்துக்குத் தண்ணீர் கொடுத்து, ஒன்று விடாமல் சொன்னேன். என்னுடைய முதல் இரண்டையும் சொன்னேன். அதைப் பற்றி நான் யாரிடமும் பேசியதே இல்லை. பிறகு ஊறல் அறைக்குள் போய் நான்கு சிவப்புப் பானைகளைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன்.

"இதுல பீர் இருக்காக்கா?"

"இல்ல. உடைக்க."

எங்கள் வீட்டில் நாற்பது நாளுக்கு மேலாகப் பானை எதுவும் உடையவில்லை. எழுதத் தோதான ஓடும் இல்லை. இது ஹெனுத் விட்டுப்போன ஓடு. எதிர்வீட்டில் மறுபடியும் தம்பட்டத்தை ஆரம்பித்துவிட்டார், எனக்கு இங்கே தலை வெடிக்கிறது. மகள் அந்தச் சத்தத்தில்தான் தூங்குகிறாள்.