கடைமடைக்குப் போன தண்ணீர்ச் செய்தி

ஆவணி 20, செவ்வாய்

நாளை யார் வயலுக்கு முறைத் தண்ணீர் என்று பாசனச் சங்கச் செயலாளர் தட்டித் தந்த அறிவிப்பை, என் ப்ரோக்ராமிலிருந்து குறுஞ்செய்தி அனுப்பும் ஏபிஐ இணைப்பு வழியாக, வாய்க்காலின் கடைசியிலுள்ள கடைமடை விவசாயிகளின் போன்களுக்கு அனுப்பினேன். எல்லாருக்கும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகப் போய் விழுந்தது.

"உங்க ப்ரோக்ராம் சரியில்லம்மா" என்றார் செயலாளர்.

நானே "வணக்கம்" என்று தட்டி அனுப்பினேன். ஒழுங்காகத் தமிழில் போனது. கோளாறு என்னுடையதில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. அவர் கணினியில் அந்த அறிவிப்பின் எழுத்துருவை மாற்றிக் காட்டினேன். திரையிலும் அதே ஆங்கிலக் குப்பை. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பழைய எழுத்துருவில் அறிவிப்பைத் தட்டியிருக்கிறார்.

"இருவது வருசமா இதுலதாம்மா அடிக்கிறேன்."

"பேப்பருக்குச் சரிங்க. போனுக்கு எல்லா போனும் படிக்கிற யூனிகோடு எழுத்துதான் வேணும்" என்று சொல்லி, மாற்றி அனுப்பினேன்.

சாயங்காலம் கடைமடையிலிருந்து ஒரு விவசாயி கூப்பிட்டார். "இப்ப படிக்க முடியுதும்மா. தண்ணி வந்தா சொல்றேன்."