தேங்காய் கொட்டையல்ல

1996 ஜூன் 19

பதினொன்றாம் வகுப்புக்கு இன்று கனிகள் பாடம். சதுரங்கப்பட்டினத்திலிருந்து அப்பா மட்டையோடு கொடுத்தனுப்பிய தேங்காயை மேசைமேல் வைத்தேன். இங்கிலீஷில் பேரிலேயே நட் என்று இருக்கிறதே மிஸ், அப்புறம் எப்படி அது நட் இல்லை என்று கேட்டார்கள். பேரை நம்பாதே, வெட்டிப் பார் என்றேன். தோல், நார், ஓடு மூன்றும் சேர்ந்ததுதான் கனியின் சுவர். மாம்பழத்தில் சதையாக இருப்பது இதில் நாராக இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டும் ஒரே வகை, ட்ரூப். நாம் துருவி சட்னி அரைப்பது, உள்ளே இருக்கிற விதையின் முளைசூழ்தசை.

வல்லி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சௌந்தரவல்லியும் நானும் ஆறு வருடமாக இங்கே தாவரவியல் ஆசிரியைகள். இரண்டு பேருமே தற்காலிகம். என் டப்பாவில் மீன் இருக்கிற நாளிலும் எழுந்து போகாதவள் அவள் ஒருத்திதான்.

ஆகஸ்ட் 5

நிரந்தர இடம் வந்திருக்கிறது. ஒன்றே ஒன்று. நான்தான் சீனியர், தான் விண்ணப்பிக்கப் போவதில்லை என்று வல்லியே சொன்னாள்.

ஆகஸ்ட் 22

வல்லி விண்ணப்பித்திருக்கிறாள். ஆபீஸ் மேரி சொல்லித்தான் தெரிந்தது. கேட்டதற்கு, ஆத்துக்காரர் விடவில்லை என்றாள். இருக்கட்டும். அவளுக்கும் குடும்பம் இருக்கிறது.

இருக்கட்டுமா?

செப்டம்பர் 9

நேர்காணல். எழுதித் தீர்க்காவிட்டால் தூக்கம் வராது.

தாளாளர், தலைமை ஆசிரியை, நிபுணராக ராஜகோபாலன் சார். கல்லூரியில் எனக்குத் தாவரவியல் சொல்லித் தந்தவர். அவரைப் பார்த்ததும் பாதி பயம் போய்விட்டது.

தாளாளர் என் காகிதங்களைப் புரட்டியபடி அப்பா என்ன செய்கிறார் என்றார். தேங்காய் மண்டியில் மட்டை உரிக்கிறார் என்றேன். மறைக்க என்ன இருக்கிறது?

"அப்ப தேங்காயைப் பத்தியே கேட்டுடலாம். அது என்ன வகைக் கனி?"

ட்ரூப் என்றேன்.

"பேர்லயே நட்டுன்னு இருக்கு. நம்ம ஸ்கூல் வினா வங்கியில நானே பார்த்துப் போட்டிருக்கேன், நட்டுன்னு. நான் போட்டது தப்புங்கறீங்களா?"

தப்புதான் சார் என்றேன். மூன்று அடுக்கையும் விளக்கினேன். விளக்கிக்கொண்டே ராஜகோபாலன் சாரைப் பார்த்தேன். இவரிடமிருந்து கற்றதைத்தான் இவருக்கு முன்னால் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு தலையசைப்பு போதும். அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"மட்டை உரிக்கிற வீட்லேர்ந்து வந்தா நார்தான் பெருசாத் தெரியும் போல" என்றார் தாளாளர். தலைமை ஆசிரியை சிரித்தார். சார் சிரிக்கவில்லை. பேசவும் இல்லை.

வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று கூப்பிட்டார். "நீ சொன்னதுதாம்மா சரி. அதை அவர் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்க வேண்டாம்."

சரி என்று எனக்குத் தெரியாதா? உள்ளே சொல்ல வேண்டியதை ஸ்கூட்டர் ஸ்டாண்டில் வந்து சொல்கிறார். இவரிடமா படித்தேன்?

வல்லியிடமும் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். நட் என்று சொன்னாளாம். "எனக்குத் தெரியாம இல்லடி. அவருக்கு எது வேணுமோ அதைச் சொன்னேன். தேங்காயா வந்து கோச்சுக்கப் போறது?"

செப்டம்பர் 10

ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவரைப் பற்றித் தாளாளர் பேசியதை மட்டும் விட்டுவிட்டேன். கேட்டுக்கொண்டே கடப்பாரையைத் துடைத்து மூலையில் சாத்தினார்.

"கொட்டைன்னே சொல்லிட்டு வர்றதுதானே. இன்னா கொறைஞ்சிடும்? தேங்கா தேங்காவாதான கீது."

நீயுமா அப்பா.

செப்டம்பர் 30

வேலை வல்லிக்கு. ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் கேசரி கொடுத்தாள். வாங்கித் தின்றேன்.

1997 ஜனவரி 8

அரையாண்டு விடைத்தாள்கள் வந்தன. துறைப் பொறுப்பு என்பதால் திருத்தியது வல்லி. தேங்காய்க் கேள்விக்கு என் வகுப்பு மொத்தமும் ட்ரூப் என்று எழுதியிருக்கிறது. மொத்தத்துக்கும் சிவப்புப் பெருக்கல் குறி. ஒவ்வொரு தாளிலும் அவள் கை. எதிலாவது ஒன்றில் பேனா தயங்கியிருக்கிறதா என்று பைத்தியம் மாதிரி புரட்டிப் பார்த்தேன். இல்லை.

லேபில் போய்க் கேட்டேன். "ஆன்சர் கீயில இருக்கறபடிதானே திருத்த முடியும், ஜாக்கி? நீயும் நட்டுன்னே சொல்லிக் குடுத்துடேன். எதுக்கு உனக்கு வீண் வம்பு?"

வகுப்பில் பிள்ளைகள் எது சரி என்று கேட்டார்கள். ட்ரூப் என்றேன். அப்படியென்றால் ஏன் மார்க் இல்லை மிஸ் என்றார்கள். கரும்பலகையைத் துடைத்தேன்.

ஜனவரி 10

பெற்றோர் புகாராம். இனி கீயில் உள்ளபடியே நடத்துவேன் என்று எழுதித் தரச் சொன்னார் தலைமை ஆசிரியை. உட்கார்ந்து ராஜினாமாவை எழுதிக் கொடுத்தேன். தைரியமெல்லாம் இல்லை. வயிறு எரிந்தது.

வல்லி லேபில்தான் இருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. வெளியே வரவில்லை.

ஜூன் 14

வேறு பள்ளிகளில் கேட்டுப் பார்த்தாயிற்று. அங்கிருந்து ஏன் நின்றீர்கள் என்கிறார்கள். தேங்காய்க்காக என்றால் சிரிப்பார்கள். சிங்கப்பெருமாள் கோயில் ஊருக்குள் ஓர் அறை பிடித்து டியூஷன் ஆரம்பித்திருக்கிறேன்.

2001 மார்ச் 2

டியூஷனை மூடிவிட்டேன். கம்பெனி வேலை. வெளிநாட்டுக்காரர்கள் எழுதுகிற ஆராய்ச்சிக் கட்டுரைகளில் கமா, புள்ளி திருத்த வேண்டும். தாவரவியல் தெரிந்திருப்பது நல்லதாம்.

2006 நவம்பர் 15

கம்பெனி சிறுசேரிக்கு மாறியதிலிருந்து காலையில் ஷட்டில் வண்டிக்கு நிற்கிறேன். இன்று அந்த நிறுத்தத்தில் வல்லி. முன்நெற்றி முழுக்க நரை. அவள்தான் இப்போது தலைமை ஆசிரியை. கையைப் பிடித்துக்கொண்டாள்.

தாளாளர் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறதாம். மகன் வந்து வினா வங்கியையெல்லாம் மாற்றிவிட்டானாம்.

"இப்ப ட்ரூப்புன்னுதாண்டி சொல்லித் தரோம். நீ பண்ணின மாதிரியே மட்டையோட வெட்டிக் காட்டறேன். பசங்க வாயைப் பொளந்துண்டு பாக்கறதுகள்."

ஏதோ எனக்காகச் செய்து முடித்தது போலச் சொன்னாள். நல்லது என்றேன். நான் ஒரு வகுப்பின் முன்னால் தேங்காய் வெட்டிப் பத்து வருடமாகிறது. இப்போது உண்மையைச் சொல்ல அவளுக்கு ஒரு செலவும் இல்லை.

நீ எப்படி இருக்கிறாய், ஒரு நாள் வீட்டுக்கு வா என்றாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. பொய் இல்லை அது, எனக்குத் தெரியும். அதுதான் தாங்கவில்லை.

ஷட்டில் வந்து நின்றது. செல் நம்பர் கேட்டாள். சொன்னேன். கடைசி எண்ணை மாற்றிச் சொன்னேன்.

போனில் பதிந்துகொண்டு, சரிதானே என்று ஒருமுறை படித்துக் காட்டினாள்.

சரிதான் என்றேன்.