அம்மாவின் அறைக்கு எந்த பல்பு?

என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் இருந்திருந்தால் இதை உங்களிடம்தான் முதலில் சொல்லியிருப்பேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

அம்மாவுக்கு மறதி கூடிவிட்டது. நீங்கள் போனபின் நானும் அம்மாவோடு இருக்கப் பண்டமாரானில் உள்ள நம் வீட்டுக்கே வந்துவிட்டேன். போன வாரம் ஒரு சாயங்காலம், சமைத்துக்கொண்டிருந்தபோது துணி கருகும் வாடை வந்தது. ஓடினேன். கட்டிலோரத்து மேசை விளக்கின் மேல் துண்டைக் காயப்போட்டிருந்தார் அம்மா. உள்ளே நீங்கள் மாட்டிய குண்டு பல்பு. துண்டு உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துப் புகைந்துகொண்டிருந்தது. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடைக்குப் போயிருந்தால்?

மறுநாளே குண்டு பல்புகளையெல்லாம் கழற்றிவிட்டு எல்இடி மாட்டினேன். அவ்வளவு சூடாகாது என்று ஒரு நிம்மதி. விளக்கைப் போட்டதும் அறை வெள்ளைவெளேரென்று ஆனது. அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இது ஆஸ்பத்திரி. இங்கதான் அவர வெச்சிருக்காங்க."

"இது உங்க ரூம்தாம்மா."

"பொய் சொல்லாத!"

அவருக்குக் குடிக்கத் தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் ஆளில்லை. கேட் திறந்து கிடந்தது.

துறைமுக லோரிகள் போகும் சாலையில், செருப்பில்லாமல் நடந்துகொண்டிருந்தார் அம்மா. ஒரு லோரிக்காரர் வண்டியை நிறுத்தி இறங்கி, "ஆன்டி, எங்க போறீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"என் வீட்டுக்காரர பாக்க."

ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அம்மாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அந்த வெள்ளை பல்பை எடுத்துக்கொண்டு கிள்ளானில் ஒரு ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். "எல்இடியிலயே மஞ்ச கலர் இருக்குலா அக்கா" என்றார் கடைக்காரர். "வெளிச்சம் பழைய பல்பு மாதிரியே இருக்கும், சூடு கம்மி." இவ்வளவுதானா? இதைக்கூடக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அம்மாவை ரோட்டுக்கு விரட்டிவிட்டேனே.

நேற்று அதை மாட்டினேன். அம்மா எட்டிப் பார்த்தார். மெல்ல உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். முகம் தெளிந்திருந்தது. அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"உக்காருங்க ஆன்டி. என் மக இப்ப வந்துருவா."

உட்கார்ந்தேன் அப்பா. வேறென்ன செய்ய?

கேட்டுக்குப் பூட்டு வாங்கிவிட்டேன். இந்தப் பயத்துக்கு எந்தக் கடையில் என்ன வாங்குவது? ஒன்று மட்டும் சொல்கிறேன். அவர் என்னை யாரென்று நினைத்தாலும், மகள் வரும்வரை கூட இருக்க ஒருத்தி அந்த அறையில் இருப்பாள்.

உங்கள் மூத்த மகள்