பொழுது சாய்வதற்குள்

9-8-1964, ஞாயிறு

மகஜரை இன்று முடித்தேன். பல்கலைக்கழகத்தில் கிரிக்கெட் அணி உண்டு, டென்னிஸ் அணி உண்டு. மல்யுத்த அணி மட்டும் இல்லை. அது படித்தவர்களுக்கான ஆட்டம் அல்லவாம். அணி இல்லாதவரை நம் மாணவர் எவரும் வெளிப் பல்கலைக்கழகங்களோடு மோத முடியாது. சிங்கவரம் காலனியிலிருந்து சென்னைக் கல்லூரிக்குப் போன முதல் பிள்ளை தங்கராசு. அவனைக் கோதாவில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். பி.ஏ. கடைசி வருஷம். அணியில் ஆடியவன் என்றால் ரயில்வேயில் எடுத்துக்கொள்வார்கள். இந்த ஆண்டு அமையாத அணி அவனுக்கு எந்நாளும் பயன்படாது.

21-8-1964, வெள்ளி

நேற்று சென்னையில் பல்கலைக்கழகப் பேரவைக் கூட்டம். பட்டதாரிகள் தேர்ந்தெடுத்த உறுப்பினன் என்ற உரிமையில் பேசினேன். ஒருவர் எழுந்து, "எறும்புக்கு வழி விட்டு நடக்கறவங்க நீங்க. மனுஷனைத் தூக்கி அடிக்கறதுக்கு மகஜர் போடறீங்களே, குந்துநாதன்" என்றார். சபை சிரித்தது. நான் மகஜரின் கடைசி வரியை வாசித்தேன்: 'கோதாவில் இறங்கியவனுக்கு ஊரும் இல்லை, குலமும் இல்லை; எதிரே நிற்பவனைத் தொட்டால்தான் ஆட்டமே.' சிரிப்பு அடங்கியது. உடற்பயிற்சி இயக்குநர் அரங்கநாதன் எங்கள் செஞ்சிக்கு வந்து ஓர் ஆட்டத்தைப் பார்த்து அறிக்கை தருவார் என்று முடிவாயிற்று.

திண்டிவனம் வரை ரயிலில் அந்த வரியையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். நல்ல வரி.

30-8-1964, ஞாயிறு

டவுன் கோதாவில் பெரிய கை விநாயகம். தங்கராசுவோடு இறங்குவாயா என்று தயங்கித்தான் கேட்டேன். "மண்ணுல பொரண்டா எல்லாம் ஒரே நெறந்தான, வக்கீலய்யா? என்னிக்கின்னு சொல்லுங்க" என்றான்.

13-9-1964, ஞாயிறு

தங்கராசு வென்றான். மற்றதை எழுத இன்று கை வரவில்லை.

14-9-1964, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். சாட்சியை அப்படித்தான் விசாரிக்க வேண்டும்.

ஆட்டம் தாமதமாகத் தொடங்கியது. விநாயகம் லேசில் விழவில்லை. தங்கராசு அவனைத் தோளோடு புரட்டி மல்லாத்தியபோது வெயில் ராஜகிரி மலையின் உச்சியில் மட்டும் மிச்சமிருந்தது. அரங்கநாதன் எழுந்து நின்று கைதட்டினார். எல்லாரையும் வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வந்தேன்.

எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை, பரிமாறுவதும் இல்லை. இருட்டில் சோற்றில் விழும் சிற்றுயிர் கண்ணுக்குத் தெரியாது என்பதற்காகச் சமணர் கடைப்பிடிக்கும் விரதம். ஆகவே அவசரம். கூடத்தில் இலை போட்டு அரங்கநாதன், விநாயகம், ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் உட்கார்ந்தாயிற்று. தங்கராசு கிணற்றடியில் செம்மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தான். ஆட்டத்துக்காகக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீரோடு இருந்தவன்.

என் மனைவி தர்மவதி அருகில் வந்து, "அந்தப் புள்ளைய எங்க உக்கார வெக்கிறது?" என்று கேட்டாள்.

கூடத்தில் ஓர் இலை காலியாக இருந்தது. அதைப் பார்த்தேன். பெரியவர்களின் முகங்களைப் பார்த்தேன்.

"மொதல்ல வந்தவங்கள கவனி" என்றேன்.

தங்கராசு வாசலில் வந்து நின்றான். தலையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் இலைக்கு இலை போய், இன்னும் கொஞ்சம் என்று உபசரித்தேன். எதற்கு? பொழுது சாயட்டும் என்று — ஆம், அதற்குத்தான். தர்மவதி விளக்கேற்றினாள். அதன் பிறகே வாசலுக்குப் போனேன்.

"பொழுது போயிடுச்சு தம்பி. இனிமே எங்க வூட்ல பரிமாற மாட்டோம், வழக்கம். கட்டிக் குடுக்கச் சொல்றேன்."

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வழக்கறிஞனுக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது.

"சரிங்கய்யா. பசியில்லீங்க" என்றான் அவன். அந்த வாசலில் பொய் சொன்னவன் அவன் ஒருவன்தான்.

அரங்கநாதன் கை கழுவும்போது கேட்டார்: "ஜெயிச்ச பையன் எங்க சார்? அவனுக்கு எலை போடலியா?"

விரதத்தைச் சொன்னேன்.

"ஓ" என்றார். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே, "மகஜர்ல அந்தக் கடைசி வரி ரொம்ப நல்லா இருந்துது சார்" என்றார்.

இன்று காலை தர்மவதி காப்பியை வைத்துவிட்டு, "நான் கேட்டப்போ பொழுது இருந்துச்சே" என்றாள்.

15-9-1964, செவ்வாய்

கூடத்தில் எவராவது எழுந்து போயிருப்பார் என்பதற்கு என்னிடம் என்ன ஆதாரம்? எவரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் சார்பில் நானே ஆட்சேபம் எழுப்பி, நானே தீர்ப்பும் சொல்லிவிட்டேன். அந்தக் காலி இலை விநாயகத்துக்குப் பக்கத்து இலை. கோதாவில் அவனைக் கட்டிப் புரண்டவன், அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்ன என் வீட்டில் இடமில்லை. இதைச் செய்தவனுக்குப் பட்டம் ஒரு கேடா?

9-10-1964, வெள்ளி

மல்யுத்த அணிக்கு அனுமதி வந்துவிட்டது. தங்கராசுவைச் சேர்த்துக்கொண்டார்கள். அணிக்கு என்னைப் புரவலராக்க வேண்டுமாம். மறுத்து எழுதினேன், காரணம் எழுதவில்லை. கோர்ட் வாசலில் குமாஸ்தா ஒருவர், "அந்தப் புள்ளைக்கு நீங்கதாங்க தெய்வம்" என்றார். நின்று கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொள்ளும் அளவுக்கு எனக்குத் தெம்பிருக்கிறது.

18-10-1964, ஞாயிறு

தங்கராசு வீட்டில் ஒரு வேளை சாப்பிடுவது என்று தீர்மானித்துச் சைக்கிளில் சிங்கவரம் போனேன். புறப்படத் தயங்கித் தயங்கிப் பொழுதைக் கழித்தவனும் நானே. போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. அவன் சென்னையில் இருக்கிறான். அவன் அம்மா பவுனம்மாள் அப்போதுதான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். சாக்கை உதறி விரித்தாள்.

"வக்கீலய்யா இம்மாந் தூரம்... இன்னா சேதிங்க?"

"உங்க வூட்ல சாப்பிட வந்தேம்மா."

அவள் வானத்தைப் பார்த்தாள். "பொழுது போயிடுச்சுங்களே. நீங்க இருட்டுனா சாப்பிட மாட்டீங்கன்னு எம்புள்ள சொல்லிச்சு."

"பரவாயில்ல. குடும்மா."

"வேணாங்க. உங்க விரதத்தக் கெடுத்த பாவம் எங்களுக்கு எதுக்குங்க? பகல்ல ஒரு நாளு வாங்க."

குரலில் குத்தல் இருந்ததா? இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இல்லை.

19-10-1964, திங்கள்

கோர்ட்டுக்குப் போகவில்லை. உச்சிவேளையில் சிங்கவரம் போனேன். பவுனம்மாள் வீட்டு வாசலில் படல் சாத்திக் கட்டியிருந்தது. அடுத்த வீட்டிலும் அப்படியே. தெரு முழுவதும் அப்படியே. தெருக்கோடியில் கைக்குழந்தையோடு ஒரு பெண் மட்டும் இருந்தாள்.

"பவுனம்மாவா? கொல்லையில மல்லாட்ட புடுங்கப் போயிருக்குதுங்க. எல்லாருந்தான். இருட்டுனப்புறம் வந்துதாங்க இங்க அடுப்பே பத்தும்" என்றாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "பகல்ல யாருங்க வூட்ல இருப்பாங்க?"

திரும்பி வந்து பவுனம்மாள் வீட்டுப் படலுக்கு முன்னால் நின்றேன். நல்ல வெளிச்சம் இருந்தது.